நான் ஆமென் சொல்லவில்லை

எங்கள் ஊர் வேதக்கோயிலில் உபதேசியாருக்குப் பிரசங்கம் செய்ய வேறெதுவும் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் நாங்கள் அகப்பட்டுக்கொள்வோம். பழத்தைப் பறித்துப் புருஷனுக்குக் கொடுத்தவளின் வழி வந்தவர்கள் என்பார். ஆண்கள் பக்கம் சிரிப்பு எழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொடுத்தது தப்புத்தான், வாங்கித் தின்றவருக்கு வேண்டாமென்று சொல்ல வாயில்லையா? அதோடு, கெடுக்கிற அளவுக்குப் பெண் பேச்சுக்குப் பலம் உண்டென்றால், கெடாமல் நிறுத்துகிற அளவுக்கும் இருக்கத்தானே வேண்டும்?

எழுபதுகளின் கடைசி. புதூர்ப் பக்கம் எங்கள் புஞ்சையும் என் வீட்டுக்காரரின் அண்ணன் புஞ்சையும் அடுத்தடுத்துக் கிடந்தன. ஒரு மழைக்குப் பிறகு பருத்தி விதைக்கப் போன என் வீட்டுக்காரர், எல்லைக்கல் எங்கள் பக்கமாகத் தள்ளி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார். கரிசலில் கோடைக்குக் கால் நுழைகிற மாதிரி வெடிப்பு விழும். மழை விழுந்ததும் மண் உப்பி மூடிக்கொள்ளும். அதில் கல் சாயும், நகரும். அந்த மண்ணிலேயே கிடக்கிறவருக்கு இது தெரியாதா? ஆனால் அண்ணன் மேல் ஏற்கெனவே மனத்தாங்கல். அவர்தான் பிடுங்கி நட்டார் என்று கோவில்பட்டிக்குப் போய் வழக்குப் போட்டுவிட்டார். கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும், அண்ணனுக்கு ஜெயிலும் கிடைக்கும் என்றார் வக்கீல். இவரும் தலையாட்டிவிட்டு வந்தார்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாக்கணுமாக்கும்! அவியளைத் தவிர வேற யாரு செய்வா?"

"அப்பம் பாக்கல."

"ஏட்டி, உன் சோலியைப் பாரு."

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் முழங்காலிட்டு உருக்கமாக ஜெபித்தார். மழைக்காக, பிள்ளைகளுக்காக, கடைசியில் வழக்கில் ஜெயம் தரும்படி. அவர் முடித்ததும் நான் ஆமென் சொல்வது வழக்கம். சொல்லவில்லை. அவர் கண்ணை மூடியபடியே காத்திருந்தார். நானும் வாயை மூடியபடி காத்திருந்தேன். பிள்ளைகள் சொல்லலாமா வேண்டாமா என்று முழித்தன.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் நான் இளகவில்லை. நேரத்துக்குச் சோறு போட்டேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். அழுது சாதிக்கவும், பிறந்த வீட்டுக்குப் போய் மிரட்டவும் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஆண்டவர் முன்னால் மனிதன் தானாக நிற்க வேண்டும். பெண்டாட்டி இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினால் அது நிற்பதாகாது. பொய்க்கு நான் உடன்பட மாட்டேன், அவ்வளவுதான்.

பொறுக்க முடியாமல் ஒருநாள், "ஒத்தச் சொல்லுதானட்டி, சொன்னா என்ன?" என்றார்.

"நீங்களும் கோர்ட்டுல ஒத்தச் சொல்லுதான சொல்லப்போறீங்க?" என்றேன்.

அதற்குப் பின் வழக்கைப் பற்றி வாய்விட்டு ஜெபிப்பதை நிறுத்திவிட்டார். மனதுக்குள் என்ன இருந்ததோ. எனக்குப் பயம்தான். அண்ணன் ஜெயிலுக்குப் போய்விட்டால், அந்தப் பொய்யோடு இவர் எப்படிக் காலம் தள்ளுவார்?

சாட்சி நாளன்று நானும் கூடப் போனேன். அண்ணன் யாரையும் பார்க்காமல் நின்றார். சத்தியம் வாங்கிக்கொண்டு, கல்லைப் பிடுங்கியதைப் பார்த்தீரா என்று இவரைக் கேட்டார்கள். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் பாக்கல ஐயா," என்றார்.

வெளியே வந்ததும் வக்கீல் எரிந்து விழுந்தார். "யாருய்யா உம்ம மனசைக் கலைச்சது? வீட்டுல சொன்னாகளா?"

"யாரும் சொல்லல. பாக்காததைப் பாக்கலைன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை சாயங்காலமும் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தவள் நான் அல்லவா? ஆனால் யோசிக்க யோசிக்க நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் கேட்டதே இதைத்தான். அவர் தன் காலில் நின்றுவிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணன் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் எங்களிடம் வந்ததும் இவர் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "புதூருக்கு மூணு" என்றார்.

"ரெண்டு பேருதான இருக்கீங்க?"

"முன்னால எங்க அண்ணாச்சி இருக்காவ."