ஸ்டீபனுக்கு நான் போட்ட கிரேடு

அடுத்தவன் எந்தப் பதவியில இருக்கான்னு எட்டிப் பார்க்கிறது நம்ம எல்லாருக்கும் உள்ள பழக்கம். எனக்கு அதுவே வேலையாக் கெடைச்சது. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூல் மில்லுல ஹெச்.ஆர். ஆபீசர் நான். போன வருஷம் நிர்வாகம் ஒரு சாஃப்ட்வேர் வாங்குச்சு. ஒரு வேலையப் பத்தி அது கேக்குற இருபது கேள்விக்குப் பதில் போட்டா, இது இத்தனாவது கிரேடுன்னு சொல்லும். மத்த கம்பெனிகள்ல அதே கிரேடுல யார் யார் இருக்காங்கன்னும் பக்கத்துலயே காட்டும். ஆபீசுல குப்பை கொட்டுற உங்களுக்கு நான் சொல்லணுமா, வயித்தெரிச்சலுக்கு இதைவிட வசதி வேற என்ன வேணும்?

ஜி.எம். ஒரு அறிவிப்பும் போட்டிருந்தாரு. பத்தாவது கிரேடு வரணும், மேனேஜர் சிபாரிசும் இருக்கணும். ரெண்டும் இருந்தா அசிஸ்டென்ட் மேனேஜர் பதவி. பன்னெண்டு வருஷமா நான் வெறும் ஆபீசர். எம் பொண்டாட்டி அவ அக்காகிட்ட முன்கூட்டியே சொல்லியும் வச்சுட்டா.

மேஸ்திரி

முதல்ல வந்தவரு ஸ்பின்னிங் மேஸ்திரி, அகரத்துக்காரர். செத்த நேரத்துல இருபது கேள்வியும் முடிஞ்சுது. ஆறாவது கிரேடு. அதே கிரேடுல கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருத்தர் 'புரொடக்‌ஷன் இன்ஜினியர்'னு இருக்கிறதாக் காட்டுச்சு. பெருமைப்படுவாருன்னு நெனச்சு ஸ்கிரீனத் திருப்பிக் காட்டுனேன். மனுசனுக்கு மொகம் சுண்டிப் போச்சு.

"பேரு கெடக்கட்டும் சார், அந்தாளுக்கு உக்கார நாற்காலி குடுத்திருக்காங்களான்னு பாருங்க."

கேன்டீன் மரகதம்

மரகதம் ஒட்டன்சத்திரத்துக்காரவுக. கேன்டீனே அவுக பொறுப்பு. 'நீங்கள் பத்து நாள் வராவிட்டால் எது நின்றுபோகும்?'னு ஒரு கேள்வி. "மூணு ஷிப்டுக்கும் சோறு நின்னு போகுமுங்க"ன்னு பட்டுன்னு சொல்லிட்டாங்க. ஏழாவது கிரேடு வந்துருச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் பத்து நாள் வரலைன்னா எது நிக்கும்னு யோசிச்சேன், ஒண்ணும் தோணல.

அதே ஏழுல இன்னொரு கம்பெனியோட ஆபீஸ் அட்மின் ஒருத்தர் இருந்தாரு. ஏசி ரூம்ல உக்காந்து ஃபைல் பார்க்கிற ஆளும்மான்னு வெளக்குனேன். நல்லாக் கேட்டுக்கிட்டாங்க.

"ஏனுங்க சார், ரெண்டு பேருக்கும் ஒரே நம்பருன்னா, நாளைக்கு அவரைக் கொஞ்சம் வெங்காயம் உரிக்க அனுப்புவாங்களா?"

ஸ்டீபன்

ஸ்டீபனும் நானும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவங்க. ஒரே பைக்ல வந்து போனவங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி அவன் மேனேஜர் ஆயிட்டான், நான் அவனுக்குக் கீழ. அன்னையிலேர்ந்து அவன் ரூம் கதவு தொறக்குற சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். கெட்டவனா இருந்தாலாவது திட்டித் தீத்துக்கலாம். நல்லவனா வேற போயிட்டான்.

அவன் முறை வந்தப்ப, மீட்டிங் இருக்கு, நீயே போட்டுருன்னுட்டான். உள்ளதை உள்ளபடி போட்டேன். பன்னெண்டாவது கிரேடு வந்துச்சு, பக்கத்துல பூராம் பெரிய கம்பெனி மேனேஜருங்க. மனசு கேக்கல. 'தனியாக முடிவெடுப்பாரா?'ங்கிற எடத்துல இல்லைன்னு மாத்துனேன். அவனுக்குக் கீழ இருக்குற ஆளு எண்ணிக்கையில செக்யூரிட்டிக்காரங்களக் கழிச்சேன். பத்துக்கு எறங்குச்சு. ஏதோ ஒரு மசாலாக் கம்பெனி குடோன் சூப்பர்வைசர் அவன் பக்கத்துல வந்து நின்னான். எனக்கு அம்புட்டு சந்தோஷம். பிரிண்ட் எடுத்து நீட்டுனேன், படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும் மாப்ள."

என் முறை

கடைசியா என் வேலையப் போட்டேன். எட்டு வந்துச்சு. கொஞ்சம் கூட்டிப் போட்டேன், எட்டு. மில்லே என் தலையிலதான் ஓடுதுங்கிற மாதிரி போட்டேன், அப்பவும் எட்டு. சாஃப்ட்வேர் ரிப்பேர் போலன்னு அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணுனேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. எங்க லிஸ்டைத் தொறந்து பார்த்துட்டு ரொம்பப் பொறுமையாச் சொல்லுச்சு.

"சார், எவ்ளோ கூட்டிப் போட்டாலும் ஒருத்தரோட கிரேடு அவர் மேனேஜருக்கு ரெண்டு படி கீழதான் நிக்கும். உங்க மேனேஜருக்கு யார் சார் இவ்ளோ கம்மியாப் போட்டது?"

ஸ்டீபன் ரூம்

அதுக்குள்ள ஸ்டீபன் கிரேடுக்கு ஜி.எம். கையெழுத்தும் ஆயிருச்சு. இனி மூணு வருஷத்துக்கு அதை மாத்த மாட்டாங்களாம். ஸ்டீபன் ரூமுக்குப் போயி, ஏதோ தப்பு நடந்துபோச்சுடான்னு இழுத்தேன். அவன் தான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து அப்பத்தான் முதல் தடவையாப் படிச்சான். தனியா முடிவெடுக்க மாட்டாருங்கிற வரியில விரலை வச்சு இன்னொரு தடவை படிச்சான். அப்புறம் டிராயரத் தொறந்து ஒரு லெட்டரை எடுத்து எம்முன்னாடி வச்சான். எனக்கு அசிஸ்டென்ட் மேனேஜர் குடுக்கணும்னு அவன் எழுதுன சிபாரிசு. ஒரு மாசம் முந்தியே எழுதியிருக்கான். எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

"எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள, பத்துன்னாலும் நான் மேனேஜர்தான். நீ எனக்குக் கொறைக்காமப் போட்டிருந்தா நீயும் ஏறியிருப்ப."

இப்பவும் அவன் பத்து, நான் எட்டு, டீயும் ஒண்ணாத்தான் குடிக்கிறோம். ஆனா அந்த லெட்டரைக் கிழிக்காம இன்னமும் டிராயருக்குள்ளயே வச்சிருக்கான் பாருங்க, அந்த மனசைப் பார்த்து எனக்கு வர்ற பொறாமைக்கு எந்த சாஃப்ட்வேராலயும் கிரேடு போட முடியாது.