தூண் அசைந்த வெள்ளிக்கிழமை

அந்த மேற்கத்திய நடனப் பள்ளியின் பெண்பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'தூண்'. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் தூண். அது அவளுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மூலையில், ஒரே ஸ்டூலில், முதுகு வளையாமல், தலை திரும்பாமல் பியானோ வாசிக்கிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்?

அசையாமல் இருப்பது அவள் குணமல்ல. அந்தப் பள்ளியின் சட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பள்ளியை நடத்தும் பெரிய மேடம் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார்.

"பாக்கிறவங்க கண்ணு ஆடுற பிள்ளைங்க மேலதான் இருக்கணும். பியானோ பேசலாம், பியானோக்காரி தலைகூட ஆட்டக் கூடாது. புரிஞ்சுதா?"

அவளுக்கு அப்போது வயது இருபத்து நாலு. அப்பா படுத்த படுக்கை, தங்கை பள்ளிக்கூடத்தில். புரியாமல் இருக்க முடியுமா? "புரிஞ்சுது மேடம்" என்றாள். அன்றைக்கு மேலே ஏறிய அந்த இரண்டு தோள்களும் அப்புறம் கீழே இறங்கவே இல்லை!

அசையக் கூடாது, ஆனால் சத்தம் மட்டும் கூடத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் கேட்க வேண்டும். இருபது பெண்கள் மரத்தரையில் தொம்தொம்மென்று குதிக்கிற இடம் அது. முதுகும் தோளும் கொடுக்க வேண்டிய பலத்தையெல்லாம் பாவம், விரல்களே கொடுத்தன. அவள் மூச்சைப் பிடித்தாள், பல்லைக் கடித்தாள், மணிக்கட்டை இறுக்கினாள். கல்யாணம் ஆனது, அப்பா போனார், தங்கை தலையெடுத்தாள். எல்லாவற்றுக்கும் மறுநாள் காலை அவள் அதே ஸ்டூலில் இருந்தாள்.

நாற்பத்தாறாம் வயதில் கை பழிவாங்கியது. வேகமான பாட்டின் நடுவே வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. வீட்டில் டம்ளர் நழுவியது. தலை வாரக் கையைத் தூக்கினால் கண்ணில் நீர் வந்தது. ஆறு மாதம் ஓய்வு என்றார் டாக்டர். அதற்கப்புறமும் உறுதி இல்லை என்றார். பஸ் ஓட்டுகிற புருஷன் தன் பங்குக்குச் சொன்னார்.

"என் சம்பளம் போதும்மா. விட்டுத் தொலையேன் அந்தப் பொட்டியை."

"உங்க பஸ்ஸை எவனாவது தகர டப்பான்னா சும்மா இருப்பீங்களா?"

நல்ல மனுஷர். சட்டையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.

ஒரு திங்கட்கிழமை, கூடத்தின் நடுவே கரடிக்குட்டி மாதிரி கறுப்பாக ஒரு ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது.

"இதுக்குக் கை வலிக்காது" என்றார் பெரிய மேடம். "மூணு வாரத்துல, வெள்ளிக்கிழமை தேர்வு. வெளியில இருந்து ஆள் வர்றாங்க. நடுவுல ஒரே ஒரு தடவை உன் கை நின்னாலும் இதைத் தட்டி விட்டுடுவேன். அதுக்கப்புறம் நீ வர வேண்டாம்."

அழுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். அவள் அழவில்லை. வகுப்பு முடிந்ததும் நேரே தங்கையின் பியூட்டி பார்லருக்கு நடந்தாள்.

தங்கை ஒரு நாளைக்குப் பத்துப் பேரின் கையைப் பிடித்து நகம் வெட்டி, தேய்த்து, நீவி விடுகிறவள். அக்காவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துத் தூக்கினாள். பிறகு சட்டென்று தன் கையை எடுத்துக்கொண்டாள்.

அக்காவின் கை விழவில்லை. அந்தரத்தில் அப்படியே நின்றது.

"அக்கா, நான் கையை எடுத்துட்டேன்."

"பாத்தேன்."

"அப்ப உன் கையை இப்ப யாரு பிடிச்சிருக்கா?"

சாயம் பூசிய தலையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் அம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு வராத ஒரே ஆள் அக்காதான். தன் தோளிலிருந்து தொங்குகிற கை, தனக்கே தெரியாமல், யாருக்காக இப்படி விறைத்து நிற்கிறது? ஐயோ, தூங்கும்போதும் இப்படித்தான் நிற்கிறதா?

"இங்க நகம் வெட்டிக்க வர்ற பேங்க் மேனேஜர் அம்மா கை மாதிரியே இருக்குக்கா" என்றாள் தங்கை. "அந்தம்மாவுக்காவது லீவு நாள்ல கை தளர்ந்து விழும்."

மூன்று வாரம். தினமும் மதியம் தங்கை தூக்கினாள், எடுத்துக்கொண்டாள். ஆறாம் நாள் கை மெதுவாக இறங்கியது. பத்தாம் நாள் ஈரத் துண்டு மாதிரி தொப்பென்று மடியில் விழுந்தது. தங்கை விசிலடித்தாள்.

காலையில் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், பியானோவின் ஒவ்வொரு கட்டையிலும் அதையே செய்தாள். கையை விழ விட்டாள். விழுகிற கனத்திலேயே நாதம் பிறந்தது. அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. கட்டை கீழே போய், சத்தம் வந்த பிறகும் அவள் விரல் அதை அமுக்கிக்கொண்டே இருக்கிறது! அந்த அமுக்கலால் பாட்டில் ஒரு இழைகூடக் கூடப்போவதில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் செத்த பாம்பை அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆனால் ஒரு சிக்கல். தோள் இறங்கினால் முதுகும் சும்மா இருக்காது. மூச்சு விட்டால் உடம்பு சாயும், திரும்பும், ஆடும்.

"மேடம் சட்டம் என்ன ஆகுறது?" என்று தங்கையிடம் கேட்டாள்.

"சட்டம் போட்டவங்களுக்குக் கை வலிக்கலையேக்கா."

வெள்ளிக்கிழமை வந்தது. தேர்வாளர் நரைத்த தலை அம்மாள். நோட்டுப் புத்தகத்தோடு நாற்காலியில் அமர்ந்தார். பெரிய மேடம் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றார். பிள்ளைகள் சுவரோரக் கம்பியைப் பிடித்து வரிசையானார்கள்.

பயம் பொல்லாதது. கற்றதெல்லாம் காற்றில் போக, அவள் பழையபடி தூணானாள். மெதுவான பயிற்சிகள் எப்படியோ கடந்தன. குதிக்கிற பகுதி தொடங்கியது. பாட்டு வேகம் எடுத்தது. சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியது. எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பார்த்தாள்: மேடத்தின் கட்டைவிரல் பொத்தானைத் தேடிப் போகிறது.

'போகட்டும் இந்தத் தூண்!'

கூடமே கேட்கும்படி மூச்சை ஊதி விட்டாள். தோள்கள் இறங்கின. இடது கையிடம் பாட்டைக் கொடுத்துவிட்டு, வலது கையை ஸ்டூலுக்குப் பக்கத்தில் தொங்க விட்டு, ஒரு உதறு உதறினாள். விரல்கள் விரிந்தன. இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்து, முழுக் கனத்தோடும் கையை மீண்டும் கட்டைகளின் மேல் விழ விட்டாள். பாட்டு ஒரு கணமும் நிற்கவில்லை. அந்தப் பழைய பியானோ அப்படி முழங்கி யாரும் கேட்டதில்லை.

"ஏய், தூண் அசையுதுடி!" என்று கம்பியோரம் ஒரு குரல்.

பெரிய மேடம் அருகே வந்து பல்லிடுக்கில் சீறினார். "அசையாதே!"

"அசைவேன் மேடம்." வாசித்துக்கொண்டே, சாய்ந்துகொண்டே, உரக்கவே சொன்னாள். "இருபத்திரண்டு வருஷம் அசையாம இருந்தேன், கை போச்சு. இப்ப அசையறேன், கை வந்திருக்கு. உங்களுக்குத் தூண் வேணுமா, பாட்டு வேணுமா?"

மேடத்தின் முகம் சிவந்தது. ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் நாற்காலியிலிருந்து நரைத்த தலை நிமிர்ந்தது.

"அங்க என்ன பேச்சு? பிள்ளைங்க இப்பத்தான் மூச்சு விட்டுக் குதிக்கிறாங்க. அடுத்தது போங்க."

அடுத்ததற்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். கடைசிவரை விரல் மடங்கவில்லை. வலித்தது, ஆனால் மடங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, பெரிய மேடம் ஸ்பீக்கரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுவேன் மேடம். ஸ்டூலைச் சுவத்துல இருந்து கொஞ்சம் முன்னால இழுத்துப் போட்டுக்குவேன். ஆடறதுக்கு இடம் வேணும்."

மேடம் சுருட்டிய ஒயரை ஸ்பீக்கரோடு சேர்த்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தெருமுனையில் புருஷனின் பஸ்தான் வந்தது. ஏறி, அவருக்குப் பின்னால் நின்றாள். போக்குவரத்து நெரிசல், அவருடைய தோள்கள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தன. அவள் குனிந்தாள்.

"ஏங்க, ஸ்டீயரிங் எங்கயும் ஓடிப் போகாது. தோளை இறக்குங்க."

"வேலை போச்சா, இருக்கா? அதை முதல்ல சொல்லு."

"இறக்குங்க, சொல்றேன்."