கிரில் அடுப்புக்கு ஒரு சொம்பு தண்ணீர்

என் வீட்டுக்காரர் பிரியாணி மாஸ்டர். உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் விறகு அடுப்பின் முன்னால் அவர்தான் நிற்பார். சமையல் முடிந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி, தணல் மேல் தெளித்து, ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதைச் செய்யாமல் எந்தப் பந்தலை விட்டும் கிளம்பமாட்டார். விறகுக்கு அது சரி. நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்தப் புகை அவர் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. இனி விறகுப் பக்கமே போகக்கூடாது என்று செங்கல்பட்டில் டாக்டர் சொல்லிவிட்டார். இவருக்கோ வேறு தொழில் தெரியாது. மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து பழைய கேஸ் கிரில் அடுப்பை வாங்கி வந்து, வீட்டின் முன்னால் கீற்றுப் பந்தலை ஒட்டி வைத்தார். சாயங்காலம் கிரில் சிக்கன் வியாபாரம். இருமல் குறைந்தது. எனக்கு அதுவே போதும் என்று இருந்தேன்.

அந்த நிம்மதி ஒரு வெள்ளிக்கிழமையோடு போச்சு. கடைசிக் கோழியை எடுத்ததும் சொம்பு கேட்டிருக்கிறார். மாமியார் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மனுஷன் எரிகிற பர்னர் மேல் தண்ணீரை அடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிம்மதியாக வெற்றிலை வாங்கப் போய்விட்டார். நெருப்பு போய்விட்டது. கேஸ் வந்துகொண்டே இருந்தது.

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு வாசனை அடித்தது. ஓடி வந்தால், மாமியார் விளக்கேற்றத் தீப்பெட்டியோடு நிற்கிறார்.

"அத்தே, அத கீழ வை."

"வெள்ளிக்கிழமை அதுவுமா வெளக்கேத்த வாணாங்கிற?"

பதில் சொல்ல நேரமில்லை. தீப்பெட்டியைப் பிடுங்கினேன். சிலிண்டர் தலையில் இருக்கிற திருகை மூடினேன். அடுப்பின் திருகுகளை மூடினேன். மாமியார் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாசனை போகட்டும் என்று இருவரும் அங்கேயே நின்றோம். அப்போதுதான் ஐயா வாயில் வெற்றிலையோடு வந்தார்.

"இன்னாமே, மாமியாரும் மருமகளும் தெருவுல நிக்கிறீங்க. பஸ்ஸுக்கா?"

"நீ அடுப்ப அணைச்ச லட்சணத்துக்கு நிக்கிறோம்."

"தண்ணி தெளிச்சனே. நெருப்பு பூடுச்சே."

"நெருப்பு பூடுச்சியா. கேஸு எங்க போச்சு? உன் தண்ணியக் கண்டு பயந்துக்கினு ஓடிப்பூடுச்சா?"

மாமியார் இடையில் புகுந்தார். "இவங்கப்பனும் இப்பிடித்தான். எதக் குடுத்தாலும் தண்ணி தெளிப்பான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கீற்றுப் பந்தலுக்குக் கீழேதான் எங்கள் குடும்பமே உட்கார்கிறது. "இன்னொரு வாட்டி எனக்கு கேஸ் வாசன வந்துச்சு, இந்த அடுப்பு பழைய இரும்புக்குப் பூடும்" என்றேன். அடுப்பு போனால் அவர் திரும்ப விறகுக்குத்தான் போகவேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் முதல் அடுப்பை மூடும்போது பக்கத்தில் போய் நின்றேன். சிலிண்டர் போடுகிறவர் சொன்ன முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அடுப்பு எரிகிறபோதே முதலில் சிலிண்டர் திருகை மூடவேண்டும். டியூப்பில் மிச்சம் இருக்கிற கேஸ் எரிந்து தீர்ந்து, நெருப்பு தானாகப் போகும். அப்புறம் அடுப்பின் திருகுகளை மூடவேண்டும். அவ்வளவுதான். இதற்கு இவர் வாதம் செய்தார்.

"அடுப்புத் திருகு கைக்கு நேரா கீது. அத வுட்டுட்டு சிலிண்டருக்காக எதுக்குப் பின்னால போய்க் குனியணும்?"

"டியூப்புல கீற கேஸ அப்புறம் யாரு குடிப்பா? உங்கம்மாவா?"

"என்ன ஏண்டி இழுக்கிற?" என்றார் மாமியார்.

சொன்னபடி மூடினார். ஆனால் சொம்பைக் கீழே வைக்க மனசு வரவில்லை. கோயிலுக்குப் போய் விபூதி வாங்காமல் வந்தவர் மாதிரி அடுப்பையே சுற்றிச் சுற்றி வந்தார். கை லேசாக உயரும். நான் முறைப்பேன். இறங்கும். பேஜாராகிவிட்டது. அடுப்பைப் பார்ப்பதா, அந்தச் சொம்புக் கையைப் பார்ப்பதா? கடைசியில் நானே இறங்கி வந்தேன். எல்லாம் மூடின பிறகு அடுப்புக் காலடியில் தரையில் ஊற்றிக்கொள், அடுப்பு மேல் ஒரு சொட்டு விழக்கூடாது என்றேன். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. இதற்கா இத்தனை பாடு என்று எரிச்சலாக இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டு பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஏரிப் பக்கமிருந்து காற்றும் மழையுமாக வந்தது. சூறைக்காற்று. வியாபார நேரம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். காற்றில் நெருப்பு அணைந்தால் மறுபடியும் அதே கதைதான். பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

சிக்கன் வாங்க வந்தவர்கள் எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் நெருப்பு இல்லை. இவரையும் காணோம். கிட்டே போனால், லுங்கி காலோடு ஒட்டிக்கொள்ள, அடுப்புக்குப் பின்னால் குனிந்து சிலிண்டர் திருகை மூடிக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் வந்து திருகுகளை ஒவ்வொன்றாக மூடினார். மூடினதையே மறுபடி தொட்டுப் பார்த்தார்.

"யம்மா, தீப்பெட்டியத் தொடாத. லைட்டு சுச்சும் போடாத" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"இன்னாமே, வாசன வருதா?"

பந்தலுக்குள் போய், குனிந்து, கேஸ் தங்கும் தரையோரம் மூக்கை வைத்துப் பார்த்தேன். அவர் மழையிலேயே நின்றார்.

"வருது" என்றேன். அவர் முகம் செத்துப்போச்சு. "கருகின சிக்கன் வாசன."

சிரித்தார். நன்றாகவே சிரித்தார். இருமல் வரவில்லை. அப்புறம் கையை நீட்டினார்.

"சொம்பு குடு."

"யோவ், வானமே ஊத்துது. இதுல உனக்கு எதுக்குயா தண்ணி?"

"அது மழ ஊத்துறது. நான் ஊத்தலியே."

திட்டிக்கொண்டே உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன். கொட்டுகிற மழையில், அடுப்புக் காலடியில் தேங்கி நின்ற தண்ணீரில் அதை ஊற்றினார். எதிர்வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "நல்லா ஊத்துண்ணே, ஏரி இன்னும் ரொம்பல."

இவர் காதில் வாங்கவில்லை. மழையில் நனைந்த கையை மழையில் நனைந்த கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போகும்போது மட்டும் இவர் என் முகத்தைப் பார்ப்பார்.