தொண்டை மிட்டாய்

என் வகுப்பில் யாருக்கும் பதில் தெரியாமல் இருந்ததே இல்லை. அதாவது, வெளியாள் யாராவது வந்து உட்கார்ந்திருக்கும்போது இருந்ததே இல்லை. கேள்வி கேட்டால் எல்லாக் கைகளும் மேலே போகும். பதில் தெரிந்தவள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவள் இடது கையை. வலது கைகளில் ஒன்றைப் பார்த்து நான் எழுப்புவேன், அவள் டாண் என்று பதில் சொல்வாள், வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு போவார். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த மிஸ் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! இன்ஸ்பெக்‌ஷன் என்றால் வாசலில் கோலம், வராந்தாவில் பூந்தொட்டி, பிள்ளைகளுக்குப் புது ரிப்பன், கூடவே இந்த இடது கை. அதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே கிடையாது.

வாய்க்கால் பக்கம் இருக்கிற பழைய பெண்கள் பள்ளி எங்களுடையது. நான் எட்டாம் வகுப்புக்குத் தமிழ். எனக்கு வாய் அதிகம், கர்வம் அதைவிட அதிகம். 'அந்த மிஸ் க்ளாஸ்னா க்ளாஸ்தான்' என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொன்னால், கேட்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டு முழுசாகக் கேட்டுக்கொள்வேன்.

எங்களைப் போன்ற பெண்கள் பள்ளிகளுக்கென்று ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. லாப நோக்கம் இல்லாதது. கட்டடம் கட்டித் தருவது, மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவது எல்லாம் அவர்கள் வழக்கம் இல்லை. ஒரு பள்ளியின் டீச்சர் இன்னொரு பள்ளிக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைப் பார்ப்பார். முடிந்ததும் இருவரும் டீ குடித்துக்கொண்டே பேசுவார்கள். அவ்வளவுதான். ஆனால் போன வருடம் அவர்கள் புதிதாக ஒன்று செய்தார்கள். பெரிய வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் திணறுகிற பெண்களுக்குச் சொல்லித்தருவதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு டீச்சரை வேலைக்கு எடுத்தார்கள். ஒரே ஒருவர். எந்தப் பள்ளிக்கு ரொம்பத் தேவையோ அங்கே அனுப்புவதாக ஏற்பாடு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த முறை ஆள் வரப்போவதாகச் சொன்னார்கள்.

கேட்டதும் எனக்கு ஒருத்தியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஊர் ஓரத்தில் தொழிற்பேட்டை இருக்கிற மேட்டுப்பாளையத்திலிருந்து ஷேர் டெம்போவில் வருகிறவள். அம்மா அங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். பெண் மகா கெட்டிக்காரி. செய்யுளை இரண்டு தரம் கேட்டால் மூன்றாவது தரம் ஒப்பிப்பாள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கண்ணால் வரியைத் தொடர்ந்தபடி சொல்வாள். வாசிக்கிறாள் என்றே நானும் பல நாள் நம்பினேன். ஒருநாள் பக்கம் மாறிப்போயிருந்தது. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அப்போதுதான் தெரிந்தது, கொம்பு வந்தால் நிற்பாள், கால் வந்தால் விழுவாள், எழுத்துக் கூட்டவே வரவில்லை.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் அவள் அம்மா வந்தார்.

"எட்டாவது வந்துடுச்சி மிஸ். பொட்டலத்துல இன்னா எழுதியிருக்குன்னு கேட்டா முழிக்கிது. எங்க அண்ணன் வூட்ல கொழந்த பொறந்திருக்கு, பாத்துக்க ஆளு இல்ல. இங்க சும்மா பெஞ்சு தேய்க்கிறதுக்கு அங்க போயி ஒத்தாசையா இருக்கும். பொங்கல் வரைக்கும் பாக்குறேன். அப்பவும் படிக்க வரலன்னா டி.சி. குடுத்துடுங்க."

பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்தாள். "நான் பாத்துக்கறேம்மா" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன். ஆகவே அந்த வாசிப்பு டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். எச்.எம். மேடமும் முந்தின நாளே கூப்பிட்டுச் சொன்னார். "இது இன்ஸ்பெக்‌ஷன் இல்ல மிஸ். இருக்கறத இருக்கறபடி காட்டுங்க. ஒங்க வித்தையெல்லாம் வேணாம்."

"சேச்சே, நான் ஏன் மேடம்" என்றேன்.

வந்தவர் ஊரின் தெற்குப் பக்கம் இருக்கும் ஒரு முஸ்லிம் பெண்கள் பள்ளியின் டீச்சர். என் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, கையில் ஒரு துணிப்பை, முகத்தில் நல்ல சிரிப்பு. கடைசி பெஞ்சில் போய் அந்த மேட்டுப்பாளையத்துப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் ஏதோ குசுகுசுவென்று பேசுவது கேட்டது. "ஒங்க ஸ்கூல்ல இன்னா கலர் மிஸ் யூனிஃபார்ம்?" என்று இவள் விசாரிக்கிறாள். சரிதான், ராசியாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி ஒரு கேள்வி கேட்டேன். கேட்டதும் வகுப்பில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. நாலைந்து கைகள்தான் எழுந்தன. மற்றவர்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். உண்மையான வகுப்பு அப்படித்தான் இருக்கும், அதைப் பார்க்கத்தான் அந்த டீச்சரும் வந்திருக்கிறார். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்ன நினைப்பார்? இவ்வளவுதானா இவள் வகுப்பு என்று போய்ச் சொல்ல மாட்டாரா? டஸ்டரை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தேன். பிள்ளைகளுக்கு அதுதான் சைகை. அடுத்த கேள்விக்கு வகுப்பு முழுக்கக் கை தூக்கியது. கடைசி பெஞ்சில் அவள் இடது கையைத் தூக்கியிருந்தாள். எல்லோரையும்விட உயரமாக, பாதி எழுந்து நின்றபடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

கடைசியில் அந்த டீச்சர் கேட்டார், "இந்தப் பொண்ணு ஒரு பத்தி படிக்கட்டுமா மிஸ்?"

"அவளுக்குத் தொண்ட கட்டியிருக்கு மிஸ். கொரலே வரல" என்றேன்.

வாய் முந்திக்கொண்டது என்று சொல்லலாம். சொன்னால் அது இன்னொரு பொய். யோசித்துத்தான் சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள் யோசித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அதுவரை லொடலொடவென்று பேசிக்கொண்டிருந்தவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறதாம்!

அந்தப் பெண் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு இருமினாள். கையை வாயில் வைத்து, கண்ணைச் சுருக்கி, நிஜமாகவே நோய்வாய்ப்பட்டவள் மாதிரி இருமினாள். என்னைக் காப்பாற்றுவதற்காக. அந்த டீச்சர் துணிப்பையில் கையை விட்டு ஒரு தொண்டை மிட்டாயை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

டீ குடிக்கும்போது, "க்ளாஸ் ரொம்ப நல்லா இருக்கு மிஸ். ஒங்களுக்கு நாங்க இன்னாத்த சொல்லித் தர்றது!" என்றார். நானும், "எல்லாம் பொண்ணுங்க ஒழைப்பு மிஸ்" என்று இளித்தேன். அவர் போன பிறகு எச்.எம். மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப வாசிப்பு டீச்சர் நமக்கு இல்ல. சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பெல் அடித்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் என் மேசைக்கு வந்தாள். கையில் அந்த மிட்டாய், காகிதம்கூடப் பிரிக்காமல்.

"நீங்க வெச்சுக்குங்க மிஸ். எனக்குதான் தொண்ட கட்லயே. நீங்கதான் நாள் பூரா கத்துறீங்க."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? "சரியாத்தான இருமுனேன் மிஸ்?" என்று கேட்டாள். "சரியாத்தான் இருமுன" என்றேன். துள்ளிக்கொண்டு போனாள். சீ, நீயெல்லாம் ஒரு டீச்சரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்த டீச்சரின் பள்ளிக்கே போனேன். வராந்தாவில் நின்று, போட்டு உடைத்துவிட்டேன். இடது கையைச் சொன்னேன், தொண்டையைச் சொன்னேன், பொங்கல் கெடுவைச் சொன்னேன். திட்டுவார், திட்டினால் மனசு ஆறும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"அந்தக் கையத் தூக்குனப்பவே எனக்குத் தெரியும் மிஸ். எங்க ஸ்கூல்லயும் அதே கைதான்."

"தெரிஞ்சுமா நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"அடுத்த மாசம் நீங்க எங்க க்ளாஸுக்கு வருவீங்க இல்ல? இன்னிக்கு நான் ஒங்க மானத்த வாங்கினா, அன்னிக்கு நீங்க என் மானத்த வாங்குவீங்க. எல்லாரும் இப்பிடித்தான் சொல்லிக்கிறோம்." சொல்லிவிட்டு அவரும் தலையைக் குனிந்துகொண்டார். "தொண்டைன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் அன்னிக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. பாவம், அது எப்பிடி இருமுச்சி!"

அவர் சொன்னது எவ்வளவு நிஜம் என்பது கூட்டமைப்பின் அடுத்த கூட்டத்தில் தெரிந்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஆள் போய் வந்திருந்தார்கள். எல்லா வகுப்பும் அருமை, எல்லாப் பெண்களும் நன்றாக வாசிக்கிறார்கள். ஒரு டீச்சரை இன்னொரு டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. பொறுப்பில் இருந்த அம்மா கேட்டார், "அப்ப வாசிப்பு டீச்சர எங்கதான் அனுப்பறது? அவங்க வந்ததுலேர்ந்து ஆஃபீஸ்ல ஒக்காந்து புத்தகத்துக்கு அட்ட போட்டுக்கினு இருக்காங்க." நாங்கள் அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

நான் எழுந்தேன். "என் க்ளாஸ்ல படிக்கத் தெரியாத பொண்ணு இருக்கா. தொண்ட கட்டியிருக்குன்னு பொய் சொல்லி மறைச்சிட்டேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு முக்காடு போட்ட அந்த டீச்சர் எழுந்தார். அவருக்குப் பிறகு இன்னொருவர். அப்புறம் பாதி அறை எழுந்துவிட்டது. விளைவு, ஒரே ஒரு வாசிப்பு டீச்சரை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. எங்களுக்கு வாரத்தில் இரண்டு மதியம் கிடைத்தது. அதற்குள் அரையாண்டுப் பரீட்சையே நெருங்கிவிட்டது. நான் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு அத்தனை வாரமும் மிச்சமாகியிருக்கும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அவள் அம்மா வந்தார். ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தார், கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கியது. டி.சி. கேட்டார். "இருங்கம்மா, இப்ப கொஞ்சம் படிக்கிறா. நீங்களே கேளுங்க" என்று நான் வாசிப்பு டீச்சர் வைத்திருந்த சின்னக் கதைப் புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். மனப்பாடம் செய்ய முடியாதபடி, அதுவரை அவள் பார்க்காத புத்தகம்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கையை வாயில் வைத்து, கண்ணைச் சுருக்கி, இருமினாள்.

"தொண்ட கட்டியிருக்கும்மா."

அதே இருமல்.

"காலையில நல்லாத்தான கத்துன, தம்பிகிட்ட சண்ட போட்டுக்கினு?" என்றார் அம்மா.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. அது நான் சொல்லிக் குடுத்தது" என்றேன். ஒரு டீச்சர் வந்து உட்கார்ந்ததையும், நான் பொய் சொன்னதையும், இவள் எனக்காக இருமியதையும் அங்கேயே சொன்னேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"எட்டு க்ளாஸு படிச்சதுல அந்த ஒண்ணாவது அதுக்கு வந்துச்சே மிஸ்" என்றார்.

எப்போதும் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

சட்டென்று புத்தகத்தைத் திறந்தாள்.

"ஆ... டு. ஆடு. வே... வேல... இல்ல, வேலி. வேலி... யை. ஆடு வேலியை..."

வாசிக்க ஆசைப்பட்டு அல்ல. அம்மாவிடமிருந்து என்னைக் காப்பாற்ற. விரலை எழுத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, நெற்றியில் வேர்வையோடு, தப்பாகச் சொல்லி, தானே திருத்தி, ஒரு வரி முடித்து அடுத்த வரிக்குப் போனாள். அவள் அம்மா கழுத்து அட்டையைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார். பிறகு, "சரி, முழுப் பரீட்ச வரைக்கும் இருக்கட்டும்" என்றார், என்னிடம் அல்ல, மகளிடம்.

அவள் நிறுத்தவில்லை. பக்கம் முடிகிற வரைக்கும் வாசித்தாள். நான் தலையை நிமிர்த்தாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.