யோகம்மாவின் பெப்ரவரி லீவு

மஸ்கட்டில், ரூவிக்குப் பக்கத்து மருத்துவமனையொன்றின் பிரசவ வார்டில் யோகம்மா நர்ஸாக இருந்தார். யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர், நாற்பதைத் தாண்டியவர், கலியாணம் கட்டாதவர். லீவு கிடைத்தால் ஊருக்குப் போவதைத் தவிர வேறு நினைப்பு இருந்ததில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பயணமும் நின்றுபோயிற்று. சகோதரர்கள் ஆளுக்கொரு நாட்டுக்குச் சிதறிவிட்டார்கள். லீவு அதுபாட்டுக்குச் சேர்ந்துகொண்டிருந்தது.

எண்பத்தாறில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது, ஆபிரிக்காவுக்குப் போய் மிருகங்கள் பார்க்கப் போவதாக யோகம்மா அறிவித்தார். எதிரே இருந்த அறைத்தோழி சரசுவுக்குப் புரையேறியது. சரசு மன்னார்குடிக்காரி, அதே மருத்துவமனையில் நர்ஸ். சிரித்து முடித்தபின் தானும் வருவதாகச் சொன்னாள். ஆனால் தங்குமிடத்தைச் சுற்றி வேலி இருக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை.

எந்தக் காட்டுக்குப் போவது என்பதுதான் அடுத்த கேள்வி. ரூவியில் டிராவல்ஸ் வைத்திருந்த கீழக்கரை கலீலுர் ரஹ்மான், மேசை நிறைய வண்ணப் புத்தகங்களைப் பரப்பினார். யானை பிடித்தால் அம்போசெலி, சிங்கம் பிடித்தால் மசாய் மாரா என்றார். இரண்டும் கென்யாவில், ரோடும் ஓட்டலும் நன்றாக இருக்கும். ஆகஸ்டில் மாராவுக்குப் போனால் ஆயிரக்கணக்கான மிருகங்கள் முதலை கிடக்கும் ஆற்றைத் தாண்டுவதைப் பார்க்கலாம். மாரா என்று முடிவாயிற்று. சரசு ஒரு பைனாகுலர் வாங்கி, ஹாஸ்டல் பால்கனியில் நின்று எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்துப் பழகினாள்.

ஜூலையில் எல்லாம் கவிழ்ந்தது. வார்டில் ஆள் குறைந்துவிட்டதால், இனிமேல் பெப்ரவரியில்தான் லீவு என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

இரண்டு பேரும் முகம் வாடித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் சல்மா வந்து உட்கார்ந்தாள். ஓமானியப் பெண்தான், ஆனால் சான்சிபாரில் பிறந்து, தான்சானியாவின் அருஷாவில் வளர்ந்தவள். அரபியைவிட சுவாஹிலி நன்றாக வரும். பெப்ரவரியில் மாராவில் அந்தக் கூட்டம் இருக்காது என்றாள் அவள். நியும்பு என்று அவள் சொன்னது, மாட்டின் கொம்பும் குதிரையின் வாலும் கொண்ட ஒரு காட்டு விலங்கு. அவை அப்போது தெற்கே, தான்சானியாவில், ங்கொரொங்கோரோ மலைக்கு அப்பாலுள்ள புல்வெளியில் இருக்குமாம். கன்று போடுவதற்காகப் போவதாம். கூட்டம் முழுக்க அந்தச் சில வாரங்களுக்குள் ஈன்றுவிடுமாம்.

யோகம்மா கிளாஸைக் கீழே வைத்தார். நின்றுகொண்டா, படுத்தா? முதலில் கால் வருமா, தலையா? குறுக்கே கிடந்தால் என்ன ஆகும்? சல்மாவுக்குத் தெரியவில்லை. சிறுவயதில் அப்பாவின் லாரியிலிருந்து பார்த்ததோடு சரி என்றாள். அந்த விடை யோகம்மாவுக்குப் போதவில்லை.

கலீலுர் ரஹ்மான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தான்சானியாவில் கடைகளில் சோப்புக்கூடக் கிடைக்காது, பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, ரோடு படு மோசம். சரசு வேறு பிடித்துக்கொண்டாள்.

"ஏங்கா, லீவு போட்டும் லேபர் வார்டுக்குத்தான் போகணுமா?"

"நீ வேணுமெண்டா மாராவுக்குப் போ. நான் கண்டுக்குட்டி பிறக்கிறதைப் பாக்கோணும்," என்றார் யோகம்மா.

சரசு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சோப்பு, சர்க்கரை, பிஸ்கட் என்று ஒரு பை நிறைய வாங்கி வந்து கட்டிலில் கொட்டினாள். அதற்குப் பிறகு யோகம்மாவுக்கு பெப்ரவரி வரை இருப்புக்கொள்ளவில்லை.

அருஷாவில் சல்மாவின் சித்தப்பா மகன் ஒரு லேண்ட்ரோவரையும், ஜூமா என்ற டிரைவரையும் ஏற்பாடு செய்திருந்தான். வண்டி மலையேறி மறுபக்கம் இறங்கியது. பச்சைப் புல்வெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கருத்த முதுகுகள். அவற்றின் முனகல் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முதல் நாள் எங்கு பார்த்தாலும் கன்றுகள், ஆனால் ஈனும் நிலையில் ஒன்றும் கண்ணில் படவில்லை. யோகம்மா இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஜூமா சட்டென்று வண்டியை நிறுத்திக் கைகாட்டினான். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு நியும்புப் பசு படுத்தது, எழுந்தது, நடந்தது, மறுபடி படுத்தது. இரண்டு குளம்புகள் வெளியே தெரிந்தன. யோகம்மா இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவருடைய இரண்டு கைகளும் ஜன்னலுக்கு வெளியே நீண்டன.

"முக்கு பிள்ளை, முக்கு," என்றார் மெதுவாக, வார்டில் சொல்வதைப் போலவே. "இன்னும் கொஞ்சம்தான்."

கன்று வழுக்கிப் புல்லில் விழுந்தது. தாய் திரும்பி நக்கியது. கன்று எழப் பார்த்து மூக்குக் குப்புற விழுந்தது, மறுபடி எழுந்து சாய்ந்தது, பிறகு நான்கு காலையும் அகட்டி நின்றேவிட்டது. ஜூமா ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் அது தாயின் பின்னால் ஓடத் தொடங்கியிருந்தது. யோகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார்.

வேலி கேட்ட சரசு, வண்டிக் கூரையின் திறப்பு வழியாக இடுப்புவரை வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பக்கம் இன்னொண்ணு படுக்குது பாருங்க."

ஜூமா வண்டியை அந்தப் பக்கம் திருப்பினான்.