தாளில் எழுதாமல் விட்ட மாசி

புளியங்கூடலில் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து கறித்தூள் வறுத்து அரைத்து விற்கிறோம். வயதில் மூத்தவள் என்று என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நிமிர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் தூளில் முக்கால்வாசியை வாங்குகிறவர் கொழும்பில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர். போன மழைக்காலத்தில் அவர் என்னைத் தொலைபேசியில் பிடித்தார்.

"அக்கா, தூள் மட்டும் காணாது. வாற வருசம் எந்த மாசம் என்ன புதுச் சாமான் தருவியள்? சொன்னால் கடைத் தட்டிலை இடம் விடுவன். சொன்னது வராட்டி இடத்தை வேறை ஆக்களுக்குக் குடுத்திடுவன்."

பயத்தில், "மாசியிலை ஒடியல் மா தருவம் தம்பி" என்று சொல்லிவிட்டேன். முந்நூறு பை என்று அவர் எழுதிக்கொண்டார்.

எங்களுக்கு உதவிக்கு வரும் அலுவலகப் பிள்ளை ஒரு பெரிய தாளைத் தந்தாள். "இதை ரோட் மாப் எண்டு சொல்லுறது அம்மா. மாசம் மாசமா எழுதிச் சுவரிலை ஒட்டுங்கோ. எல்லாருக்கும் வாயாலையும் சொல்லுங்கோ."

தை வரைக்கும் எழுதினேன். மாசிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

எங்கள் வீடுகளில் வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்க மாட்டார்கள். நடக்கப்போவதை முன்னமே சொன்னால் நாவூறு பட்டுக் கெட்டுப்போகும். என் மகன் கனடா போனதுகூட அவன் விமானம் ஏறிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். முந்நூறு பை என்று வாய்விட்டுச் சொன்னால் என்ன நடக்குமோ என்று பயந்தேன். எழும்பி நின்று சொல்லவும் பயம். அதனால் வாயே திறக்கவில்லை.

ஒடியலுக்கு வேண்டிய பனங்கிழங்குப் பாத்தி, எங்களோடு வேலை செய்யும் இறுப்பிட்டி ஊர்த் தங்கச்சியினுடையது. "கிழங்கு கிண்டேக்கை எனக்குச் சொல்லும்" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். ஏனென்று சொல்லவில்லை.

தை முடியும்போது அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, கிழங்கு முழுக்கக் கிண்டி அவிச்சுக் காயப் போட்டாச்சு. நல்ல புழுக்கொடியல் வரும்!"

ஒடியலுக்குக் கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைக்க வேண்டும். அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல். ஒடியல் மா வாங்குவதே கூழுக்குத்தான்; புழுக்கொடியல் மாவில் கூழ் காய்ச்ச முடியாது.

"ஏன் அவிச்சனீர்?"

"ஏன், அவிக்க வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?"

தூள் அரித்துக்கொண்டிருந்த இன்னொருத்தி தலை நிமிராமலே சொன்னாள்: "அக்கா கலியாணம் பேசின மாதிரியெல்லோ எல்லாத்தையும் பொத்தி வைச்சிருக்கிறா."

கடைக்காரருக்கு ஒடியல் மா தருவதாகச் சொன்னதை அப்போதுதான் அவர்களிடம் சொன்னேன். சாட்டி ஊர் வரைக்கும் போய்ப் பச்சைக் கிழங்கு தேடினோம். எல்லோரும் அவித்து முடித்திருந்தார்கள். கடைக்காரர் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் இடம் போனால் இந்த ஆறு பேருக்கும் வேலை இல்லை.

அவர் வந்து கதிரையில் உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். "மாசி வெறுமையாக் கிடக்கு. ஒடியல் மா எங்கை அக்கா?"

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். சீலைத் தலைப்பை விரலில் சுற்றினேன்.

"இல்லைத் தம்பி. நான் இவையளுக்குச் சொல்லேல்லை. இவையள் கிழங்கை அவிச்சுப் போட்டினம். பிழை என்ரை. புழுக்கொடியல் மாத்தான் தர ஏலும். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுச் சாப்பிடலாம். கூழுக்கெண்டு வித்துப்போடாதேங்கோ."

அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "நூறு பை எடுக்கிறன். மிச்ச இடம் இந்த முறை உங்களுக்கில்லை. அடுத்த மாசிக்கு என்ன? இவையளுக்கு முன்னாலை இப்பவே சொல்லுங்கோ."

எழும்பினேன். "அடுத்த மாசியிலை ஒடியல் மா. முந்நூறு பை. கிழங்கை ஒருத்தரும் அவிக்கப்படாது."

சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டேன். இறுப்பிட்டித் தங்கச்சி அதைத் தாளில் பெரிதாக எழுதினாள். பிறகு தூள் வறுக்கும் தாச்சியின் அடிக்கரியை விரலில் தொட்டுத் தாளின் மூலையில் ஒரு பொட்டு வைத்தாள்.

"இனிப் பயப்பிடாதேங்கோ. பச்சைப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி வைச்சிருக்கிறன்."

கடைக்காரரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது பாத்தியில் பனங்கொட்டை புதைத்திருக்கிறோம். காலையில் கதவைத் திறந்ததும் அந்தப் பொட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். மங்கியிருந்தால், ஒருவரும் வருவதற்கு முன் கரி தொட்டு மறுபடி வைக்கிறேன்.