ஒரே கையில் மூன்று கையொப்பம்

நான் எழுதிய கணக்காய்வு அறிக்கைகளில் ஒன்றே ஒன்றைத்தான் யாரோ உண்மையாகப் படித்து நடவடிக்கை எடுத்தார்கள். மற்றவையெல்லாம் எங்கோ அலமாரியில் தூங்குகின்றன. அந்த ஒன்றும் தூங்கியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

ஊரில், இலங்கையில், போர் முடிந்த வருடம் அது. இங்கே ரொறொன்ரோவில் பொருளாதாரம் குப்புற விழுந்து கிடந்தது. வேலை போனவன் காலையில் ரயில் ஏறுவானா? பெட்டிகள் பாதி காலியாக ஓடின. புறநகர் ரயில்களை ஓட்டிக்கொண்டிருந்த தனியார் நிறுவனம், இனி முடியாது என்று கையை விரித்தது. ரயில் நின்றால் விட்பியிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் வருகிறவர்கள் நடந்தா வருவார்கள்? அதனால் அரசு ஓர் ஏற்பாடு செய்தது. ரிக்கற் காசு அரசுக்கு, செலவு முழுவதும் அரசின் தலையில், அதற்கு மேல் நிறுவனத்துக்கு ஒரு நிர்வாகக் கட்டணம். பதிலுக்கு, ஒவ்வொரு செலவையும் அரசின் ஆட்கள் பார்த்த பிறகுதான் காசு போகும். அந்த ஆட்களில் கடைசி ஆள் நான். ஆறு மாதத் தற்காலிக வேலை. நிரந்தரம் ஆவதும் வீட்டுக்குப் போவதும் மேலதிகாரியின் கையில் இருந்தது.

வீட்டில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது, சம்பளமில்லாத வேலை. படித்தவன் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை உங்களுடையது அல்ல. யூனியன்வில்லில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் என் குசினி மேசைக்கு யாராவது ஒருவர் கடித உறையோடு வந்துவிடுவார். அப்படித்தான் அந்த அண்ணை வந்தார். ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் தனியாக இருந்தார். ரயில் பெட்டி கழுவித் துடைக்கிற வேலை. அதற்கு முந்தின வருடம் வன்னியில் அவருடைய தங்கையும் தங்கையின் கணவரும் ஒரே நாளில் செத்துப்போனார்கள். மிஞ்சியது அவர்களுடைய மகள் ஒருத்தி. அவளை இங்கே கூப்பிட வேண்டும். அதற்குத்தான் விண்ணப்பப் படிவம், அவர் பேச்சில் போம்.

"பிள்ளைக்கு ஆனியில பதினெட்டு தம்பி. அதுக்கு முன்னம் போம் போய்ச் சேராட்டி எல்லாம் வீண் எண்டு சொல்லுகினம்," என்றார்.

"நிரப்பியாச்சு அண்ணை. பிள்ளையின்ர படமும், நீங்கள் வேலை செய்யிறீங்கள் எண்டு உங்கட கொம்பனி லெற்றரும் வந்தால் அனுப்பலாம்."

"லெற்றர் நாளைக்கே கேட்டு வாங்குவன்."

"வேண்டாம் அண்ணை. படம் வந்த பிறகு வாங்குவம். பழைய லெற்றர் எண்டு திருப்பி விட்டிடுவாங்கள்."

அதைச் சொன்னவன் நான். அவருடைய தொழில் என்ற கட்டத்தில் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதியவனும் நான்தான். அவர்களுடைய கணக்கை இப்போது நான்தான் பார்க்கிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. அங்கே எனக்குத் தெரிந்தவர் வேலை செய்கிறார் என்று அலுவலகத்துக்கும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

சித்திரையில், ஊரில் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் நகரத்து நடுவீதியில் இறங்கி நின்றது. கிழவிகள், குழந்தை வண்டியோடு தாய்மார், பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்கள் அலுவலக ஜன்னலுக்கு நேர் கீழே அவர்களுடைய குரல் கேட்டது. மேலதிகாரி வந்து பக்கத்தில் நின்று, இவர்கள் உன்னுடைய ஆட்களா என்று கேட்டார். என்னுடைய மொழி பேசுகிறவர்கள் என்றேன். இப்படியும் ஒரு மனிதன் பதில் சொல்வான்! அன்றைக்கு மத்தியானம் கீழே இறங்கிச் சாப்பிடப் போகாமல் மேசையிலேயே காய்ந்த பாண் துண்டைக் கடித்தேன்.

அந்த மாதம் முழுவதும் நிறுவனத்தின் பெரிய செலவுகளைத்தான் கிளறிக்கொண்டிருந்தோம். தலைமையகத்தின் பங்கு, ஆலோசகர் கட்டணம், இன்னும் என்னென்னவோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்திருந்தார்கள் என்பது என் சந்தேகம். ஆனால் சோறு வெகு அழகாகப் பரிமாறப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் உண்டு, கையெழுத்து உண்டு, முத்திரை உண்டு. தாள் ஒழுங்காக இருந்தால் எங்களைப் போன்றவர்கள் கை கட்டி நிற்க வேண்டியதுதான். ஒன்றும் பிடிபடவில்லை. மேலதிகாரியின் முகம் வர வரக் கடுத்தது.

பிறகுதான் துப்புரவுப் பகுதியின் வருகைப் பதிவுத் தாள்கள் என்னிடம் வந்தன. எட்டுப் பேர், எல்லோரும் எங்கள் ஆட்கள், எல்லோரும் தமிழிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னே அதைப் பார்த்த இரண்டு பேருக்கும் அது வெறும் சுழிகள். சரி போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் ஒரு நிமிடம் பார்த்தேன். சித்திரை மாதத்தில் பல நாட்கள், மூன்று பெயர்களை ஒரே கை எழுதியிருந்தது. கொம்பை அதே மாதிரிச் சுழித்து, கடைசி எழுத்தின் வாலை அதே மாதிரி இழுத்து. மூன்றில் ஒன்று அண்ணையின் பெயர். அவருடைய உண்மையான கையெழுத்து என் குசினி மேசையில் எனக்கு முன்னால் போடப்பட்டது. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

என்ன நடந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் மூன்று பேர் வீதிப் போராட்டத்துக்குப் போவார்கள். மிச்சம் ஐந்து பேர் எட்டுப் பேரின் வேலையையும் செய்வார்கள். போனவனுக்காக நின்றவன் கையெழுத்துப் போடுவான். பெட்டிகளைப் பரிசோதித்த புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு பெட்டிகூட அழுக்காக வெளியே போகவில்லை. அரசு கொடுத்த காசுக்கு வேலை நடந்திருந்தது. இதை எழுத எங்கள் படிவத்தில் ஒரு வரி இடம்கூட இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதியிருக்கலாம். அல்லது முன்னால் பார்த்த இருவரைப் போல நானும் சரி போட்டிருக்கலாம்.

மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பயம் ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் சொன்னால் பொய். தன் ஆட்கள் என்றும் பார்க்காதவன் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டேன். வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் கோரப்பட்டுள்ளது என்று எழுதி, மூன்று பெயர்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தேன். உனக்கு நல்ல கண் என்றார் அவர். குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக் காம்பு என்று எங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர்.

ஒரு கிழமைக்குள் நிறுவனம் மூன்று பேரையும் வேலையிலிருந்து நிறுத்தியது. பாருங்கள், நாங்கள் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்று அரசுக்கு ஒரு கடிதமும் எழுதியது. அடுத்த மாத நிர்வாகக் கட்டணத்துக்கான கோரிக்கையை அதோடு சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். நான் சரி போட்டேன்.

வைகாசியில், ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டாவது ஞாயிறு அண்ணை வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு. கைபேசியை நீட்டினார். வவுனியாவில் இருந்த உறவுக்காரர் ஒருவர், சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமின் முள்வேலிக்கு வெளியே நின்று எடுத்த படம். தலைமயிர் கட்டையாக வெட்டிய ஒரு பெண்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"உயிரோட இருக்கிறாள் தம்பி. கழுத்து வரைக்கும் வெட்டி எடுத்தால் போமுக்குக் காணுமோ?"

அவர் அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்.

"லெற்றர்தான் இல்லை. ரெண்டு மூண்டு கிழமைக்கு முன்னம் வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள். கவுண்மெந்து ஒபிசில ஆரோ கணக்குப் பாக்கிறவன் எழுதிக் குடுத்தவனாம்."

இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ பிடித்துத் தள்ளியது. அவர் என் தோளில் கையை வைத்தார்.

"அவனைச் சொல்லியும் குற்றமில்லை. வெள்ளைக்காரனுக்கு எங்கட கஷ்டம் என்னெண்டு தெரியும்? எங்கட பெடியன் ஒருத்தன் அதில இருந்திருந்தால், கண்டும் காணாத மாதிரி விட்டிருப்பான். என்ன தம்பி?"

"ஓம் அண்ணை," என்றேன்.

அதற்குப் பிறகு அவருக்காக ஓடித் திரிந்தேன். தெரிந்த கடைகள், தொழிற்சாலைகள், கோழி வெட்டுகிற இடம் வரை கேட்டேன். இருக்கிறவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் யார் புதிதாக எடுப்பார்கள்? ஆனி வந்தது. அந்தப் பிள்ளைக்கு முகாமுக்குள்ளேயே பதினெட்டு முடிந்தது. விண்ணப்பம் அனுப்பப்படவே இல்லை. ஆடியில் என் வேலை நிரந்தரமானது.

அவள் இங்கே வரவேயில்லை. அண்ணைக்கு இப்போது வயதாகிவிட்டது. கலியாண வீட்டிலோ கோயிலிலோ என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார்: "என்ர மருமகளை எடுக்கிறதுக்கு இந்தத் தம்பி பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை." அவர்கள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். நான் அவர் கையை விடாமல் நிற்பேன்.